மடை நல்லாத்தான் இருக்கு, கரைதான் கசியுது: செயற்கை இதய வால்வுகளின் கதை

1/
எங்க ஓட்டப்பிடாரம் பக்கம் கண்மாய்க் கரையில நடந்து பழகினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மடை இறுக்கமா மூடித்தான் இருக்கும். ஆனா மடைக் கட்டடமும் மண் கரையும் சேருற இடத்துல விரல் நுழையுற அளவுக்கு ஒரு சந்து விழுந்திருக்கும். தண்ணி அது வழியா அரிச்சுக்கிட்டே போகும். மேல நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. கீழ வயல் ஈரமானா மட்டும்தான் தெரியும்.

2/
இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வுக்கும் இதே பிரச்சினை வரலாம். வால்வு நல்லாத்தான் திறந்து மூடும். அதைத் தைத்த விளிம்பில் ரத்தம் கசியும். இன்னைக்கு அந்தக் கசிவுகளின் வரலாறுதான். கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்டில் வால்வு மாற்றினவங்க யாராவது இருந்தா, தயவுசெய்து கடைசி வரை படிங்க.

3/
முதல்ல என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பல வருஷம் முன்னாடி, நாற்பது வயசைத் தாண்டிய ஒரு அக்கா வந்தாங்க. தீப்பெட்டி வேலை பார்த்தவங்க. சின்ன வயசு மூட்டுக்காய்ச்சலால இதய வால்வு சுருங்கி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில செயற்கை வால்வு வச்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. களைப்பு, வெளிறிப்போன முகம். ரத்தம் குறைவு. நான் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

4/
ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்தாங்க. கண்ணுல லேசா மஞ்சள். காமாலைன்னு யாரோ சொல்ல, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிருக்காங்க. போகும்போது கதவுப் பக்கம் நின்னு தயங்கிச் சொன்னாங்க: "ஒன்னுக்குப் போனா கருப்பட்டிக் காப்பி நெறத்துல போகுதுய்யா. இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு."

அந்த ஒரு வரிதான் அவங்க உயிரைக் காப்பாத்துச்சு. எப்படின்னு பின்னால சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தப் பொருள் மனுஷ நெஞ்சுக்குள்ள எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

5/
வால்வுன்னா என்ன? சைக்கிள் ட்யூப்பில் இருக்குமே வால்ட்யூப், அதே வேலைதான். காத்து உள்ளே போகும், வெளியே வராது. இதயத்தில் இப்படி நாலு கதவு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை திறந்து மூடும். நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னு வச்சுக்கிட்டா, வருஷத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் தடவை. லீவு கிடையாது, சர்வீஸ் கிடையாது.

6/
மனுஷனுக்குள் வைத்த முதல் செயற்கை வால்வே ஒரு கசிவை நிறுத்தத்தான் வந்தது. 1952, வாஷிங்டன். சார்லஸ் ஹஃப்னகல் என்ற அறுவை மருத்துவர். நோயாளிக்கு மகாதமனி வால்வு கசிகிறது. இதயத்தை நிறுத்தி உள்ளே வேலை பார்க்க அன்னைக்கு இதய-நுரையீரல் இயந்திரம் புழக்கத்துக்கு வரலை.

7/
அதனால் ஹஃப்னகல் வால்வு இருக்க வேண்டிய இடத்தை விட்டுட்டு, கீழே இறங்கும் மகாதமனியில் ஒரு பிளாஸ்டிக் கூண்டை வச்சார். உள்ளே ஒரு பந்து. ரத்தம் முன்னே போனால் பந்து விலகும். திரும்பி வந்தால் அடைக்கும். கசிவு முழுசா நிற்கலை, பாதிக்குத்தான் பலன். ஆனா நோயாளிகள் எழுந்து நடந்தாங்க. பந்து "டக் டக்"னு அடிக்கிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

(ஹஃப்னகல் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. அவர்கிட்டப் பயிற்சி எடுத்த ஒரு மலையாளி டாக்டர் இந்தக் கதையில் பின்னால் வருவார்.)

8/
1958. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், விமானங்களுக்கு எரிபொருள் பம்பு செய்தவர், ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் டாக்டரிடம் வந்து "செயற்கை இதயம் செய்யலாமா?" என்று கேட்டார். ஸ்டார் சொன்ன பதில்: முதல்ல ஒரு வால்வு செய்வோம். 1960ல் ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு இதயத்துக்குள்ளேயே, வால்வு இருக்க வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்தது.

9/
இங்கேதான் நம்ம மடைக்கரைப் பிரச்சினை ஆரம்பிக்குது. உலோகக் கூண்டை இதயத் தசையோடு எப்படி ஒட்டவைப்பது? பதில்: வால்வைச் சுத்தி ஒரு துணி வளையம். அந்தத் துணியில் ஊசி கோத்து, இதயத்தோடு சேர்த்துத் தைப்பாங்க. நாளாக நாளாக உடம்பின் சதை துணிக்குள் ஊடுருவி வளர்ந்து இறுகிக்கொள்ளும்.

10/
இறுகாவிட்டால்? தைத்த இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் துணி சரியாகப் படியாது. சதை மிருதுவாக இருந்தால் நூல் அறுத்துக்கொண்டு வரும். கிருமி தொற்றினால் விளிம்பே அரிச்சுப்போகும். ஒரு சந்து விழும். வால்வு மூடும்போதெல்லாம் ரத்தம் அந்தச் சந்து வழியாகப் பீச்சி அடிக்கும். இதுதான் வால்வோரக் கசிவு.

11/
அதே காலத்தில் ரத்தக்குழாயிலும் ஒரு கசிவுக் கதை ஓடுது. பருத்தி விளையுற கரிசல் ஊர்க்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். கெட்டுப்போன தமனிக்குப் பதிலாகத் துணிக் குழாய் வைக்கலாம் என்று 1952ல் நியூயார்க்கின் ஆர்தர் வூரீஸ் காட்டினார். பிறகு ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கி, வீட்டுத் தையல் மெஷினிலேயே குழாய் தைத்துப் பார்த்தார்.

12/
துணின்னா இழைக்கு இழை இடைவெளி உண்டு. ரத்தம் வடியும். நெருக்கமாக நெய்தால் வடியாது, ஆனா விறைப்பாக இருக்கும், சதை உள்ளே வளராது. தளர்வாகப் பின்னினால் சதை வளரும், ஆனா வடியும். என்ன செய்தார்கள் தெரியுமா? அறுவைக்கு நடுவே நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, குழாயை அதில் ஊறவைத்தார்கள். ரத்தம் இழைகளுக்குள் உறைந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பிறகுதான் உடம்பில் தைத்தார்கள். மண்பானையைப் பழக்குவது மாதிரி.

13/
பந்து வால்வுக்கும் சோதனை வந்தது. 1960களில் சில பந்துகள் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை உறிஞ்சி ஊதின, வெடிப்பு விட்டன. சில மாட்டிக்கொண்டன. சிலிக்கோன் ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றிய பிறகுதான் அது அடங்கியது. இதைக் கண்டுபிடிச்சது எப்படி? திரும்ப எடுத்த ஒவ்வொரு வால்வையும் தூக்கி எறியாம, வெட்டிப் பார்த்து, எழுதி, பத்திரிகையில் போட்டாங்க. தோல்வியை எண்ணினாங்க.

14/
இனி எண்ண மறுத்தவங்க கதை.

சுவீடன் மருத்துவர் வைக்கிங் பியோர்க், அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஷைலி. ரெண்டு பேர் பெயரிலும் பியோர்க்-ஷைலி வால்வு 1969ல் வந்தது. பந்துக்குப் பதிலாகச் சாய்ந்து திறக்கும் ஒரு தட்டு. நல்ல வால்வு, பல்லாயிரம் பேரைக் காப்பாத்தியது. பிறகு 1979ல் இன்னும் அகலமாகத் திறக்கும் புது மாடல் ஒன்று சந்தைக்கு வந்தது.

15/
அந்தப் புது மாடலில் தட்டைத் தாங்கும் ஒரு சின்னக் கம்பி, வளையத்தோடு வெல்டிங் வைக்கப்பட்டிருந்தது. அது சிலருக்கு உடைந்தது. உடைந்தால் தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். அதுக்குப் பிறகு கசிவுன்னே சொல்ல முடியாது, மடையே அடிச்சுக்கிட்டுப் போன மாதிரி. நிறைய பேருக்கு ஆஸ்பத்திரி போகக்கூட நேரம் இருக்கலை.

16/
வேதனை என்னன்னா, விற்பனைக்கு வருமுன்பே, சோதனைக் கட்டத்திலேயே ஒரு கம்பி உடைந்திருந்தது. அப்புறமும் விற்பனை நடந்தது. 1986ல் சந்தையிலிருந்து எடுக்கும்போது உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேர் நெஞ்சில் அது இருந்தது. உடைந்தவை 600க்கும் மேல், அதில் பெரும்பாலோர் இறந்தார்கள். அனுமதி வாங்கும்போது பொய்த்தகவல் கொடுத்ததாக அமெரிக்க நீதித்துறை எழுப்பிய குற்றச்சாட்டை, ஷைலியின் தாய் நிறுவனமான ஃபைசர் 1994ல் 1 கோடியே 7.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

17/
வால்வு உள்ளவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உடையலாம், உடையாமலும் போகலாம். மாற்றப் போனால் அறுவையிலேயே ஆபத்து உண்டு. இதில் இன்னொரு கஷ்டம்: யார் யாருக்கு இந்த வால்வு வைத்தோம், அவங்க இப்போ எங்கே என்று தேடிப்பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

18/
இப்போ நம்ம பக்கம் வருவோம். ஓட்டப்பிடாரத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். திருநெல்வேலி, நாகர்கோவில் தாண்டினா திருவனந்தபுரம். ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். தென்மாவட்டத்துல "சித்திராவுக்குப் போயிட்டு வந்தோம்"னு சொன்னா, எதுக்குன்னு கேட்க வேண்டியதில்லை.

19/
அங்கே 1974ல் பொறுப்பேற்றவர் எம்.எஸ்.வலியத்தான். அமெரிக்காவில் ஹஃப்னகலிடம் பயிற்சி எடுத்தவர். (சொன்னேனே, அவர்தான்.) மூட்டுக்காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வால்வோ வெளிநாட்டிலிருந்து வரணும், விலை கட்டாது. அப்போ நாமே செய்வோம் என்றார். திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் வேலை ஆரம்பித்தது. ஜி.எஸ்.புவனேஸ்வர் போன்ற பொறியாளர்கள் கூடச் சேர்ந்தார்கள்.

20/
வ.உ.சி. பிறந்த ஊர்க்காரனா இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்க்கும். 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச மனுஷன் மண்ணுல இருந்து பார்த்தா, இது நெஞ்சுக்குள்ள ஓடுற சுதேசிக் கப்பல். ஆனா "நம்ம நாட்டுச் சரக்கு" என்ற பெருமை மட்டும் ஒரு நோயாளியையும் காப்பாத்தாது. அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

21/
ஒரு மாடல் செய்தார்கள். வெல்டிங் வைத்த இடம் தாங்கலை. ஒதுக்கினார்கள்.
இன்னொரு மாடல். உலோகம் தேய்ஞ்சது. ஒதுக்கினார்கள்.
மூன்றாவதில் நீலக்கல் தட்டு. ஆமா, நவரத்தினத்துல ஒண்ணு. செயற்கையாக வளர்த்த படிகம், தேயவே தேயாது. செம்மறி ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். தட்டு உடைந்தது. அதையும் ஒதுக்கினார்கள்.

22/
கிட்டத்தட்டப் பத்து வருஷத்துக்கு மேல் உழைப்பு, அரசாங்கப் பணம், "எப்போ வரும்"னு கேட்கிற ஊர் வாய். இத்தனைக்கும் நடுவே மூன்று முறை "இல்லை, இது சரியில்லை"ன்னு அவங்களே சொன்னாங்க. உடைஞ்சது எல்லாம் மெஷின்லயும் ஆட்டுக்குள்ளேயும் உடைஞ்சது. மனுஷனுக்குள்ள போய் உடையலை. மறைக்கவும் இல்லை, என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஆய்விதழில் எழுதி வைத்தார்கள்.

23/
நான்காவது மாடலில் வெல்டிங்கே கிடையாது. கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தில், ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுத்த கூடு. நீலக்கல்லுக்குப் பதிலாகக் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தட்டு. சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். விலை உயர்ந்த கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் ஜெயித்தது.

24/
1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உடனே கடைக்கு அனுப்பலை. நாட்டில் 6 மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்கு வைத்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் பிறகுதான் டி.டி.கே. நிறுவனம் பரவலாகத் தயாரித்து விற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவருக்கு அந்த வால்வு போய்ச் சேர்ந்திருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

25/
ஆனா ஒண்ணு. வால்வு எவ்வளவு நல்லதா இருந்தாலும், அதைத் தைக்கிற கரை மனுஷ சதைதான். உலகின் எந்தக் கம்பெனி வால்வு வைத்தாலும் ஓரக்கசிவு வர வாய்ப்பு உண்டு. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வு வைக்கும் முறையை 2002ல் பிரான்சில் அலன் கிரிபியே தொடங்கினார். அதில் தையலே இல்லை, விரிந்து அழுந்தி நிற்பதுதான். அங்கேயும் ஆரம்பத்தில் பெரிய தலைவலி ஓரக்கசிவுதான். பிறகு வந்த மாடல்களில் வால்வின் வெளிப்பக்கம் பாவாடை மாதிரி துணி சுற்றி அதைக் குறைத்தார்கள்.

26/
ரத்தக்குழாய்க்கும் அதே கதை. வயிற்றில் மகாதமனி பலூன் மாதிரி வீங்கினால், உள்ளே துணி போர்த்திய ஸ்டென்ட் வைக்கும் முறையை 1990ல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி செய்து பிரபலமாக்கினார். அதன் ஓரத்திலோ, கிளைக் குழாய் வழியாகவோ ரத்தம் பழைய வீக்கத்துக்குள் மறுபடி கசியலாம். பெரும்பாலும் வலி இருக்காது, அறிகுறி இருக்காது. அதனால்தான் அவங்களை ஆயுசுக்கும் ஸ்கேன் எடுக்க வரச் சொல்றோம். "நல்லாத்தானே இருக்கேன்"னு நின்னுடாதீங்க.

27/
இப்போ நம்ம அக்கா. கருப்பட்டிக் காப்பி நிறம் எதனால்? குறுகலான சந்து வழியாக ரத்தம் வேகமாகப் பீச்சும்போது சிவப்பணுக்கள் மோதிச் சிதையும். சிதைந்தால் ரத்தம் குறையும். உள்ளிருக்கும் நிறமி மஞ்சளாகக் கண்ணில் தெரியும், கருஞ்சிவப்பாகச் சிறுநீரில் இறங்கும். ரத்தசோகை, மஞ்சள், சிறுநீர் நிறம். மூணும் மூணு வியாதி இல்லை. ஒரே கசிவின் மூணு முகம்.

28/
நெஞ்சு மேல வச்சு எடுத்த எக்கோவில் "வால்வு நன்றாக இயங்குகிறது" என்று வந்தது. அது பொய் இல்லை. மடை நல்லாத்தான் இருந்தது. உலோக வால்வின் நிழல் விழுந்து ஓரம் தெரியலை, அவ்வளவுதான். உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி, இதயத்தின் பின்பக்கமிருந்து எக்கோ எடுத்தபோதுதான் சந்து தெரிந்தது. மறுபடி அறுவை செய்து அடைத்தார்கள். சில பேருக்கு அறுவை இல்லாமலே, குழாய் வழியாகச் சின்ன அடைப்பானை வைத்தும் இப்போது மூடுகிறார்கள்.

29/
அக்கா இப்பவும் மாசாமாசம் ரத்தம் உறையும் அளவு பார்க்க வர்றாங்க. வந்ததும், நான் கேட்கும் முன்னாடியே "ஒன்னுக்கு வெள்ளையாத்தான் போகுதுய்யா"ன்னு சொல்லிட்டுத்தான் உட்காருவாங்க. நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை தப்பில்லை. ரத்தம் ஏன் குறையுதுன்னு தேடாமக் கொடுத்ததுதான் தப்பு. வால்வு வச்சவங்க ரத்தசோகையோட வந்தா அன்னையிலிருந்து ஓரத்தைத் தேடுறேன்.

30/
வால்வு வைத்தவங்க கவனிக்க:

• சிறுநீர் கருத்துப் போனா, மூச்சு வாங்கினா, கால் வீங்கினா, களைப்பு கூடினா, வால்வு வச்ச டாக்டரைப் பாருங்க. காமாலைன்னு நாட்டு மருந்து வேண்டாம்.
• காய்ச்சல் ரெண்டு மூணு நாள் நீடிச்சா நீங்களே ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க. முதல்ல ரத்தக் கல்ச்சர் எடுக்கணும். வால்வோரம் கிருமி தங்கும்.
• பல் பிடுங்குமுன் "எனக்கு வால்வு இருக்கு"ன்னு பல் டாக்டரிடம் சொல்லுங்க.

31/
• உலோக வால்வுன்னா ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒரு நாளும் நீங்களா நிறுத்தாதீங்க. ஐ.என்.ஆர். பார்த்துத்தான் அளவு.
• 'டக் டக்' சத்தம் பழகியிருப்பீங்க. அது திடீர்னு மங்கினாலோ நின்னாலோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அது அவசரம்.
• எக்கோவுக்குக் கூப்பிட்ட தேதியில் போங்க.

32/
கடைசியா ஒண்ணு, ரொம்ப முக்கியம். வால்வு வைத்த அன்று ஒரு அட்டை கொடுத்திருப்பாங்க. வால்வின் பெயர், அளவு, வரிசை எண், வைத்த தேதி. அதைத் தொலைக்காதீங்க. ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்க, போட்டோ எடுத்து வீட்டில் ரெண்டு பேர் போனில் போடுங்க. நாளைக்கு ஒரு மாடலில் கோளாறுன்னு தெரிஞ்சா உங்களைத் தேட அந்த எண்தான் ஒரே வழி. பியோர்க்-ஷைலி நோயாளிகளைத் தேடி உலகம் அலைஞ்சது ஞாபகம் இருக்கா?

33/
உடம்பில் வைத்த கருவியால் பிரச்சினை வந்தால் பதிவு செய்ய, நம்ம நாட்டிலும் 2015ல் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியிருக்கிறது. டாக்டரும் தெரிவிக்கலாம், நோயாளியும் தெரிவிக்கலாம். சக மருத்துவர்களுக்கும் சொல்றேன்: ஒரு கசிவைப் பார்த்தா, சரி பண்ணினதோட விடாதீங்க, எழுதி அனுப்புங்க. யாரையும் மாட்டிவிட இல்லை, அடுத்த ஆளுக்கு வராம இருக்க.

34/
கண்மாய்க் கரையில் ஈரம் பார்த்தவன் வீட்டுக்கு வந்து படுத்துக்க மாட்டான். ஊர்ல சொல்லுவான், நாலு பேர் மண்வெட்டியோட போவாங்க. 1952லிருந்து இன்னைக்கு வரைக்கும் இதய வால்வு முன்னேறினது இப்படித்தான். யாரோ ஒருத்தர் ஈரத்தைப் பார்த்தார், மறைக்காமச் சொன்னார். நீங்களும் சொல்லுங்க. கதவுப் பக்கம் நின்னு தயங்காதீங்க.

வால்வு வைத்த சொந்தக்காரங்க இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.